ஒன்று துணியில், ஒன்று கவரில்

ஜூலை 22, செவ்வாய்

மகள் பிரதீபா கோயம்புத்தூரிலிருந்து பார்சல் அனுப்பியிருக்கிறாள். பிரித்தால் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. கைப்பேசிச் செயலியில் நாம் எழுதியதை இது குட்டி குட்டி ஒட்டுத்தாளில் அச்சடித்துத் துப்புமாம். மை கிடையாது, ரிப்பன் கிடையாது, சூட்டாலேயே எழுதுகிறதாம்.

"இருபத்திரெண்டு வருசமா கந்தல்ல பேரெழுதி ஊக்குல குத்திக்கிட்டு இருக்க. அது டைலர் கடையாம்மா, காயலான் கடையா?" என்று போனில் கேட்டாள்.

உன்னைப் படிக்க வைத்ததே அந்தக் கந்தல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுக்கு மீட்டிங் வந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு நாம் பதில் சொல்லும் நேரத்தில்தான் மீட்டிங் வரும்.

கந்தல் முறை நாளை மறந்து போகலாம், எழுதி வைக்கிறேன். சின்னமனூர் மார்க்கெட் தெருவில் வல்லி லேடீஸ் டைலர்ஸ் என்று யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு காட்டுவார்கள். துணி வந்ததும், வெட்டில் மிஞ்சிய துண்டு ஒன்றில் பெயர், எத்தனை ஜாக்கெட், ஆள் எப்படி என்று மூன்றையும் எழுதி, அளவு ஜாக்கெட்டோடு ஊக்கு குத்திவிடுவேன். தைத்துக் கொடுக்கும்போது ஊக்கைக் கழற்றிக்கொள்வேன். ஊக்கு டப்பாவுக்கு, கந்தல் குப்பைக்கு. ஊக்கை விட்டுக் கொடுக்கிற டைலர் இந்த உலகத்தில் இன்னும் பிறக்கவில்லை.

இதில் 'ஆள் எப்படி' என்பதுதான் தொழில் ரகசியம். இந்தத் தெருவில் மட்டும் ஒன்பது கலா. அவர்களில் ஒருத்தி, டேப்பைப் பார்த்ததும் மூச்சை இழுத்து வயிற்றை முதுகுக்கு அனுப்பிவிடுவாள். அந்த அளவில் தைத்தால் கல்யாண வீட்டில் இலை முன் உட்காரும்போது கொக்கி தெறித்து சாம்பாரில் விழும். ஆகவே அவள் கந்தலில் 'எக்குற கலா, 2 இஞ்ச் கூட்டு' என்று இருக்கும். இது புறணி இல்லை. விஞ்ஞானம்.

ஜூலை 23, புதன்

செயலியோடு மூன்று மணி நேரம். பூ பார்டர் போட்டேன், மயில் போட்டேன், கத்தரிக்கோல் படம் போட்டேன். பெயர் போட இடமில்லை.

ஜூலை 25, ஆடி வெள்ளி

ஆடியில் கல்யாணம் இல்லை, ஆகவே கடையில் ஆளில்லை. வீட்டிலுள்ள அனைத்துக்கும் லேபிள் ஒட்டினேன். உப்பு, சீனி, கடுகு, ரிமோட். ரிமோட்டில் 'ரிமோட்' என்று ஒட்டியதை என் வீட்டுக்காரர் குருசாமி வெகுநேரம் பார்த்தார். அவருக்கும் ஒன்று அடித்து, தூங்கும்போது சட்டை முதுகில் ஒட்டினேன்: 'உபயோகிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்'. மனுஷன் அப்படியே வாழைக்காய் மண்டிக்குப் போய்விட்டார். மதியம் வரை மண்டியில் வந்தவன் போனவனெல்லாம் தோளைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறான். "இன்னைக்கு எல்லாப் பயலும் ரொம்பப் பாசமா இருந்தானுக" என்று வந்து சொன்னார்.

ஒட்டியதைக் கழற்றாமல் விட்டால் என்ன ஆகும் என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் சிரித்து முடிக்கவே சாயங்காலமாகிவிட்டது. (இந்த இரண்டு வரியை ஒரு மாதம் கழித்துச் சேர்த்தேன்.)

இன்னொன்று. கடையில் அடித்து வைத்த லேபிள் மேல் சூடான டீ கிளாசை வைத்துவிட்டேன். எடுத்துப் பார்த்தால் அமாவாசை மாதிரி வட்டமாக ஒரே கறுப்பு; எழுத்தே இல்லை. பிரதீபாவைக் கூப்பிட்டுத் திட்டினேன். "சூட்டுலதானம்மா எழுதுது, சூடு பட்டா கறுக்கத்தான் செய்யும். இஸ்திரிப் பெட்டிகிட்டயும் வைக்காத" என்றாள். இதை அனுப்பும்போதே சொல்வதற்கென்ன?

ஜூலை 30, புதன்

ஆடி முடியுமுன்னே ஆவணிக்கு ஆர்டர்! இன்பராணி டீச்சரின் மகள் யாழினிக்கு ஆவணி 13-ல் கல்யாணம். மாப்பிள்ளை கம்பத்துப் பையன். பெண் வீடு, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் என்று மொத்தம் பதினாலு ஜாக்கெட். சம்பந்தி வீட்டுப் பெண்களுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தால் ஜாக்கெட்டும் தைத்தே கொடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். ஜாக்கெட் சரியாக இல்லையென்றால் பெண் வளர்ப்பே சரியில்லை என்று பேச்சு போய் நிற்கும். ஒரு குடும்பத்தின் மானம் என் பாபினில் சுற்றியிருக்கிறது என்று குருசாமியிடம் சொன்னேன். "நூல அறுத்துராத" என்றார்.

டீச்சருக்குத் திரைக்குப் பின்னால் அளவெடுத்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். செல்லத்தாயியைப் பால் வாங்கிவர அனுப்பச் சொன்னார். செல்லத்தாயி என் கடையில் ஹெம்மிங் அடித்து, கொக்கி கட்டுகிறவள். என் வயதுதான். எண் மட்டும் படிப்பாள். எழுத்து வராது என்று சொல்லிக்கொள்வாள்.

டீச்சர் பொங்கலுக்குப் பிறகு மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தவர். பித்தப்பையில் கல் என்று ஊருக்குச் சொல்லியிருந்தார். பித்தப்பைக்கும் ஜாக்கெட்டின் இடது பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. டேப் பிடிக்கிறவள் கேட்கக் கூடாது. கேட்காமலே டேப் சொல்லிவிடும்.

சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்தான் பேசினார்.

"வீட்ல எங்க மூணு பேருக்குத்தான் தெரியும், வல்லி. நீ நாலாவது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா 'வம்சத்துல இருக்கு, நாளைக்குப் பொண்ணுக்கும் வரும்'னு ஆரம்பிச்சுருவாங்க. கல்யாணம் முடியட்டும். நானே சொல்லிக்கிறேன்."

"எங்கிட்ட வந்ததுல எது வெளிய போயிருக்கு டீச்சர்?" என்றேன்.

"எல்லாமேதான் போயிருக்கு" என்றார். சிரித்தார். ஆறு மாதத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

உள்ளே பை வைத்து, பஞ்சை ஒன்றரை இஞ்சுக்கு அடுக்கிப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் இந்த டைரியிலும் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செயலியில் ஒரு வித்தை கண்டுபிடித்தேன். பெயர்களை வரிசையாகப் பட்டியல் போட்டுவிட்டால் போதும், ஒரே அமுக்கில் மொத்த லேபிளும் வரும். கந்தலில் எழுதுவதையெல்லாம் நினைவிலிருந்தே ஆளாளுக்கு ஏற்றிவிட்டேன். முதல் வரி பெயர், இரண்டாம் வரி எண்ணிக்கை, மூன்றாம் வரி குறிப்பு. சில மட்டும்:

எக்குற கலா. 2 இஞ்ச் கூட்டு.

'நாளைக்கே' நாகஜோதி. வியாழன் கேட்டால் அடுத்த வியாழன் என்று எழுதிக்கொள்.

முதுகு ஜன்னல் பரிமளா. ஜன்னலைச் சத்தமில்லாமல் ஒரு இஞ்ச் குறை. மாமியாரும் இங்கேதான் தைக்கக் கொடுக்கிறாள்.

டீச்சருக்கும் ஏற்றினேன். ஏற்றாவிட்டால் அளவு மறந்துவிடும்.

வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கவரில் ஒட்ட இன்னொரு டிசைனும் செய்தேன். அதில் பெயர், கடைப் பெயர், மயில், 'மீண்டும் வருக'. பெரிய கடைகளில்கூட இப்படிக் கிடையாது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

டீச்சருடைய மூன்று ஜாக்கெட்டையும் வீட்டில் வைத்து நானே ஹெம்மிங் அடித்தேன். "ஏன்க்கா, எங்கையில என்ன சொறியா?" என்று செல்லத்தாயி கேட்டாள். அவளுக்கு வேலை அதிகமாக இருக்கிறது என்று சொன்னேன். ஆடி மாதத்தில்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாப்பிள்ளையின் அம்மா ரெங்கநாயகி கம்பத்திலிருந்து அளவு கொடுக்க வந்தார். கூடவே அவருடைய நாத்தனார், அதாவது மாப்பிள்ளையின் அத்தை.

ரெங்கநாயகி நாற்காலியில் உட்காரவே ஐந்து நிமிஷம் ஆயிற்று; அதற்குள் ஃபேன் ஆடுகிறது, கண்ணாடியில் ரசம் போயிருக்கிறது, காலண்டரில் நேற்றைய தேதி இருக்கிறது என்று மூன்றைச் சொல்லிவிட்டார். கழுத்தை நூல் பிடித்துப் பார்த்து, "இடது பக்கம் ஒரு நூல் எறக்கமா இருக்கும்மா. எப்பவும் இப்படித்தானா, இல்ல எனக்குன்னு ஸ்பெஷலா?" என்றார்.

நாத்தனாருக்குத் தன் துணியைவிட அடுத்தவர் துணிமேல்தான் கண். "டீச்சரம்மா என்ன கலர்? எத்தனை? காட்டேன், சும்மா தொட்டுப் பாத்துக்கிறேன்" என்று அலமாரிவரை போய்விட்டாள். குறுக்கே போய் நின்றுகொண்டேன். என் உடம்பு அலமாரியை முழுதாக மறைக்கும் அளவுக்கு இருப்பதை நினைத்து வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

இரவில் லேபிள் ஏற்றியாயிற்று. 'கம்பம் கலெக்டர். எதிலும் குறை சொல்லும். பிரித்து மறுபடி தைத்தேன் என்று சொல்லி அதையே கொடு.' நாத்தனாருக்கு: 'ரெண்டு கண்ணும் அடுத்தவள் துணியில்.'

ஆகஸ்ட் 20, புதன்

முடித்துவிட்டேன்! பதினாலும், தெருவின் மற்ற ஆர்டர்களும் சேர்த்து முப்பத்தொன்று. ஒரே அமுக்கில் லேபிள், ஆளுக்கு இரண்டு பிரதி. "ஒண்ணு துணியில, ஒண்ணு கவர்ல" என்று செல்லத்தாயியிடம் கொடுத்தேன். அவள் லேபிள் ஓரத்து வரிசை எண்ணைப் பார்த்து ஒட்டினாள். காக்கிக் கவர்கள் அணிவகுப்பு மாதிரி நின்றன. தெருவுக்குரியதைச் சாயங்காலமே அவள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். டீச்சர் வீட்டுக் கவர்களை குருசாமி ஒரே மூட்டையாகக் கட்டி வண்டியில் வைத்துக் கொண்டுபோய் இறக்கினார். நாளை பத்து மணிக்கு கம்பத்துக்காரர்கள் வந்துதான் மூட்டையைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறார்களாம்.

ஊக்கு டப்பாவைத் திறந்து பார்த்தேன். நிறைந்திருக்கிறது. இனி ஊக்குக்கு வேலை இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்தரை. எக்குற கலா வந்தாள். கையில் காக்கிக் கவர். வயிற்றை எக்கவே இல்லை. இன்று அதற்கெல்லாம் நேரமில்லை அவளுக்கு.

"ஏக்கா, இதுல என்னமோ எழுதியிருக்கு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. கொஞ்சம் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். மனதுக்குள் மட்டும். மயிலைக் காணோம், மீண்டும் வருகவைக் காணோம். கவருக்கென்று செய்த டிசைனை அச்சடிக்கவே மறந்து, உள்ளே வைக்க வேண்டியதையே இரண்டு இரண்டாக அடித்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷமாக என்னைக் காப்பாற்றியது என் புத்தி இல்லை, ஊக்கு. ஊக்கு வேண்டுமே என்று கந்தலைக் கழற்றினோம். ஒட்டுத்தாளில் திரும்ப எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. அது பாட்டுக்கு என் வாயைச் சுமந்துகொண்டு ஊர்வலம் போய்விட்டது.

"மன்னிச்சுக்க கலா..." என்று ஆரம்பித்தேன். அப்புறம்தான் உறைத்தது. டீச்சர் கவர்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை. "செல்லத்தாயி, கடையப் பாத்துக்க!" என்று செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். பின்னாலிருந்து கலா, "இன்னும் திட்டவே ஆரம்பிக்கலக்கா!" என்று கத்தினாள். ஆட்டோவில் போகும்போது நான் வேண்டாத சாமி இல்லை. முத்துலாபுரம் விலக்கு தாண்டும்போது பூலாநந்தீசுவரருக்கு ஒரு பட்டு வேட்டி நேர்ந்தேன். அதற்கு ஜாக்கெட் வேலை கிடையாது என்பது ஒரு நிம்மதி.

டீச்சர் வீட்டு ஹாலுக்கு வெளியே செருப்புக் கும்பல். உள்ளே சிரிப்புச் சத்தம். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ரெங்கநாயகி நடு நாற்காலியில். மடியில் கவர்கள் அடுக்காக. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நாத்தனார், இன்னும் மூன்று பெண்கள், ஓரத்தில் யாழினி வெளிறிப்போய்.

"இது யாருக்கு, ம்... 'யாழினியோட சித்தி. தோள்பட்டை ஏத்தம் இறக்கம். நேரா நிக்கச் சொல்லாத, அழுதுரும்'."

சித்தி அழவில்லை, சிரித்தாள். நாத்தனார் கையைத் தட்டினாள்.

"இந்தா, டைலரம்மாவே வந்துட்டாங்க! வாங்க கலெக்டர் ஆபீசுக்கு!" என்றார் ரெங்கநாயகி என்னைப் பார்த்து.

ஆக அவருடையதைப் படித்தாயிற்று. என் கண் மடியில் இருந்த அடுக்கை எண்ணியது. டீச்சருக்கு எடுத்த நீலக் கரைப் புடவையின் ஜாக்கெட், கவர் வாயில் நீலமாகத் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் அடியில். இன்னும் படிக்கவில்லை! நடுவே நாலு கவர். நாலு கவருக்கு என்ன, நாலு நிமிஷம்.

டீச்சர் சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "வா வல்லி, காப்பி கலக்குறேன். என்னமோ சிரிப்பா இருக்கே?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"காப்பி நல்லா சூடா குடுங்க டீச்சர்! கொதிக்கக் கொதிக்க!" என்றேன். சத்தம் எனக்கே அதிகமாகப் பட்டது.

யாழினி டம்ளரைக் கொண்டுவந்து தந்தாள். விரல் பொத்துப்போகும் சூடு. பெருமாளே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். நேரே ரெங்கநாயகியிடம் போனேன். "டீச்சரோடதுல ஒரு கொக்கி விட்டுப்போச்சும்மா" என்று அடுக்கின் அடியில் கையை விட்டு, அந்தக் கவரை உருவி, பக்கத்திலிருந்த டீப்பாயில் போட்டு, லேபிள் மேல் டம்ளரை வைத்தேன்.

ரெங்கநாயகி என்னைப் பார்த்த பார்வையை நான் என்னவென்று எழுதுவது? கோபம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"டீச்சரம்மாவோடதா? அவங்களுக்கு என்ன பேரு வச்சிருக்க? டம்ளர எடு, நான் படிக்கிறேன்!" நாத்தனார் எழுந்து வந்துவிட்டாள்.

"ஆறட்டும். சூடா இருக்கு."

"காப்பியத்தான் ஆத்தணும், டம்ளரையா?"

டம்ளரை லேசாக நகர்த்தினேன். முதல் வட்டம் கறுத்துவிட்டது; பெயர் போயிற்று. ஆனால் மூன்றாவது வரி விளிம்பில் 'இடது உள்' என்பது வரை அப்படியே நிற்கிறது. டம்ளரை அதன்மேல் நகர்த்தினேன். நாத்தனார் குனிந்தாள். நானும் குனிந்தேன். எங்கள் இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"ஆத்தாடி!" என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு அலறினேன். பாதி வலி, பாதி நடிப்பு. அதற்குள் சூடு தன் வேலையை முடித்திருந்தது. டம்ளரைத் தூக்கினால் இரண்டு கறுப்பு நிலா ஒன்றன்மேல் ஒன்று.

"அடச்சே, போச்சு. அதுதான் நல்ல பேரா இருந்துருக்கும்" என்றாள் நாத்தனார், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"எல்லாத்தயும்விட மோசமான பேரும்மா அது. அழிஞ்சதே நல்லது" என்றேன். "என் வாய்க்கு விளக்கமாறுதான் எடுக்கணும். ஒங்களுக்கு வச்ச பேரப் படிச்சீங்கள்ல?"

"படிச்சோம், படிச்சோம்" என்று ரெங்கநாயகி தன் கவரைத் தூக்கிப் பிடித்தார். "'பிரித்து மறுபடி தைத்தேன் என்று சொல்லி அதையே கொடு.' அப்ப இதுக்கு முன்னாடி எத்தனை பேருகிட்ட அதையே குடுத்த?"

"நல்லாருக்குன்னு சொன்ன அத்தனை பேருகிட்டயும்மா."

சிரித்தார்கள். டீச்சரும் காப்பித் தட்டோடு நின்று சிரித்தார், எதற்கென்றே தெரியாமல். யாழினி அந்தக் கவரை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையை ஒரு அழுத்து அழுத்தினாள். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், உள்ளங்கையில் டம்ளர் விளிம்பு கொப்புளமாக எழும்பியிருக்கிறது.

நான் காப்பாற்றிவிட்டேன். தனி ஒருத்தியாக. இதை யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் ஒரே வருத்தம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தெரு முழுக்கத் திட்டு. நாகஜோதி தன் லேபிளைப் பிய்த்து என் தையல் மெஷினில் ஒட்டிவிட்டுப் போனாள். பரிமளா வரவில்லை, அவள் மாமியார் வந்து, "அந்த ஜன்னல இன்னொரு இஞ்ச் குறைக்க முடியுமா?" என்று காதோடு கேட்டாள். கலா மட்டும் திட்டிவிட்டு, டேப்பை எடுக்கச் சொன்னாள். மூச்சை விட்டுக்கொண்டு நின்றாள். முப்பத்தெட்டு. நான் இத்தனை வருஷம் கூட்டிய அதே இரண்டு இஞ்ச்.

செல்லத்தாயியிடம் ஒரு திட்டும் வாங்கவில்லை. அவள் பெயர் பட்டியலில் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

மத்தியானம் கம்பம் கலெக்டர் தனியாக வந்தார். கதவைச் சாத்தினார். செல்லத்தாயியை அவராகவே பால் வாங்க அனுப்பினார்.

தன் ஜாக்கெட்டை மேசையில் போட்டார். "கழுத்துல ஒரு நூல் எறக்கம். நெசமாவே பிரிச்சுத் தை."

"சரிம்மா."

"அப்புறம், ஒரு சங்கதி கேக்கணும். அடியில பத்திரமா வச்சிருந்ததை நீ எதுக்கு உருவுன?"

"எதம்மா?" என்றேன்.

"மூட்டையப் பிரிச்ச உடனே மேல இருந்ததே டீச்சரோடதுதான். படிச்சுட்டேன். எடுத்து அடியில போட்டேன். எங்க நாத்தனா கண்ணுக்கு அது பட்டா கம்பம் பூரா டமாரம் அடிச்சுருவா. அதுக்குத்தான் மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா, ராகம் போட்டுப் படிச்சேன். என்னோடதையே மொத ஆளாப் படிச்சேன். நாலு தாண்டுனதும் 'போதும், போட்டுப் பாப்போம்'னு எந்திரிக்கலாம்னு இருந்தா, நீ வந்து நடு டீப்பாய்ல போட்டு எல்லாருக்கும் காட்டுற. காப்பி டம்ளரோட!"

அவர் ஜாக்கெட்டை எடுத்து மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

"அப்ப உங்களுக்கு... அன்னைக்குத்தான் தெரியுமா?"

"மூணு மாசமாத் தெரியும். அந்தப் புள்ள யாழினி, எம்மகன்கிட்ட மொதல்லயே சொல்லிட்டா. பொய் சொல்லிக் கழுத்த நீட்ட மாட்டேன்னு. அவன் எங்கிட்டச் சொன்னான்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "டீச்சரு எப்பச் சொல்லணும்னு நெனைக்கிறாங்களோ அப்பச் சொல்லட்டும். நமக்கு என்ன அவசரம்?"

கதவைத் திறக்கப் போனவர் திரும்பினார். "முகூர்த்தத்தன்னைக்கு நாள் பூரா பட்டுல நிக்கணும். பஞ்சு வேர்வையில கனத்துப் போயிரும். மெல்லிசு காட்டன் பை ரெண்டு வச்சு, மத்தியானம் மாத்திக்கிற மாதிரி தச்சுக் குடு. நீயா யோசிச்ச மாதிரி."

போகும்போது ஃபேன் இன்னும் ஆடுகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

செல்லத்தாயி பாலோடு வந்தாள். கொக்கி கட்டுகிற சாக்கில் திரும்ப வாங்கி வந்திருந்த டீச்சர் ஜாக்கெட்டை நான் பிரிப்பதைப் பார்த்தாள். "பஞ்சுக்குப் பதிலா, பழைய வேட்டித் துணிய மடிச்சு வைங்கக்கா. வேர்வைய இழுக்கும்" என்றாள்.

"உனக்கு எப்படி..."

"எனக்கு எண்ணு மட்டுந்தான்க்கா தெரியும்" என்று ஊசியில் நூலைக் கோத்தாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணம் முடிந்தது. பதினாலு ஜாக்கெட்டும் நின்றன. ஒரு கொக்கிகூடத் தெறிக்கவில்லை. டீச்சர் காலை நாலரையிலிருந்து நின்றார், மத்தியானம் ஒருமுறை அறைக்குப் போய்வந்தார், மறுபடி நின்றார். போட்டோ எடுக்கும்போதெல்லாம் ரெங்கநாயகி அவருக்கு இடது பக்கமாகவே நின்றுகொண்டார். கூட்டம் இடிக்க வந்தால், "தள்ளி நில்லுங்கப்பா, எம்பட்டு கசங்குது" என்று அதட்டினார்.

பந்தி முடிந்து நான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் தெளிவாக இருந்தது.

"வல்லி, சம்பந்தியம்மாகிட்ட இப்பத்தான் சொன்னேன். தாலி ஏறுன கையோட."

"அப்படியா டீச்சர்! என்ன சொன்னாங்க?"

"பாவம், அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுல்ல. அப்படியே நெஞ்சுல கைய வச்சுக்கிட்டாங்க. 'இத ஏன் இம்புட்டு நாள் தனியாச் சொமந்தீங்க'ன்னு எங்கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க. என்ன ஒரு வெள்ளந்தி மனுஷி! நீ போயி அவங்களக் கலெக்டர்னு எழுதினியே."

மண்டபத்தின் அந்தக் கோடியில் ரெங்கநாயகி பாயசத்தில் முந்திரி கம்மி என்று சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"தப்புத்தான் டீச்சர். மாத்திடுறேன்" என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

செயலியில் பட்டியலைச் சுத்தம் செய்தேன். கவருக்கு மயில் டிசைன் மட்டும். குறிப்பெல்லாம் பழையபடி கந்தலில். ஊக்கு டப்பாவைத் தூசி தட்டி மேசைக்குக் கொண்டுவந்தாயிற்று. பிரதீபாவுக்கு விஷயம் முழுதும் தெரியாது. "மெஷின் எப்படிம்மா?" என்றாள். "தங்கம்" என்றேன்.

கலெக்டரின் கழுத்தை நிஜமாகவே பிரித்துத் தைத்தேன். ஒரு நூல் இறக்கமாகத்தான் இருந்தது.

அவருக்கு மட்டும் கடைசியாக ஒரு லேபிள் அடித்தேன். ஒரே பிரதி. கவரில் இல்லை, என் மேசை இழுப்பறைக்குள், எனக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ரெங்கநாயகி அம்மா. 1. அடியில் வைத்ததை உருவாதே.